இடது பக்கத்துப் பின்கதவு

அத்தியாயம் பதினேழு

வேலை கிடைத்த சந்தோஷம் ஜோஆனுக்கு ஒரு வாரம்கூட முழுதாக நிற்கவில்லை.

தெலுக் பங்லிமா காராங்கில் பிஸ்கட் பொட்டலம் போடும் தொழிற்சாலை. அங்கே சூப்பர்வைசர் வேலை. பண்டமாரானில் இருக்கும் அவர்கள் வீட்டிலிருந்து தூரம் அதிகமில்லை. ஆனால் ஷிப்டு நேரத்துக்கு ஏற்ற பஸ் கிடையாது. தினமும் கிராப் டாக்ஸி பிடித்துப் போனால் சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும்.

அவள் கணவன் ஐவன்தான் கடைசியில் வழி சொன்னான். எட்டு வருஷமாக ஓட்டும் வெள்ளை ஹோண்டாவை விற்றுவிடலாம். அந்தக் காசை வைத்து இரண்டு பழைய மைவி கார் எடுக்கலாம். அவன் துறைமுகத்துக்கு வேலைக்குப் போக ஒன்று, அவளுக்கு ஒன்று.

அவளுக்கென்று ஒரு கார். அதைச் சொன்னபோது ஜோஆன் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்க மறந்துபோனாள்.

கல்யாணத்துக்கு முன்பே லைசன்ஸ் எடுத்தவள் அவள். அதைத் தவறாமல் புதுப்பித்துப் பர்ஸில் வைத்திருக்கிறாள். ஆனால் கல்யாணமான பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. கேட்ட போதெல்லாம் ஐவன் ஒரே பதிலைத்தான் சொல்வான். "இது துறைமுக ரோடு ஜோ. லோரிக்காரன் உனக்கு வழி விடுவானா? எங்க போகணும் சொல்லு, நான் கொண்டுபோய் விடுறேன்." நாலு வருஷம் கேட்டுவிட்டு அவளும் விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை காலை கிள்ளானில் மேரு ரோட்டில் இருக்கும் பழைய கார் கடைக்கு இருவரும் போனார்கள். முதல் நாள் மாலையே ஐவன் காரைக் கழுவி, மெழுகு போட்டு, உள்ளே கிடந்த பழைய குடையைக்கூட எடுத்துவிட்டிருந்தான்.

கடைக்காரர் ராஜன் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவுக்கு ஒரு மெஷினை எடுத்து பானெட்டில் வைத்தார். அதில் ஒரு எண் ஓடி நின்றது.

"அது என்னங்க?" என்றாள் ஜோஆன்.

"பெயிண்ட் எவ்வளவு கனம்னு காட்டும் சிஸ்டர். கம்பெனியில அடிச்ச பெயிண்டுனா எல்லா இடத்திலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும்."

பானெட், முன்கதவுகள், மேல்தகடு என்று வரிசையாக வைத்துப் பார்த்தார். எங்கும் ஏறக்குறைய ஒரே எண். அவர் தலையை ஆட்ட ஆட்ட, ஜோஆனின் மனதில் சின்ன மைவி ஒன்று ஒவ்வொரு பாகமாக உருவாகிக்கொண்டிருந்தது. சிவப்பு கிடைத்தால் நல்லது.

இடது பக்கத்துப் பின்கதவுக்கு வந்ததும் ராஜன் நின்றார். மெஷினை எடுத்துத் திரும்ப வைத்தார். கதவிலேயே நாலு இடத்தில் வைத்தார். பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகட்டிலும் வைத்தார். பிறகு கதவைத் திறந்து, கீல் இருக்கும் இடத்தைக் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தார்.

"பாஸ், இந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கு."

"இல்லையே" என்றாள் ஜோஆன். "நாங்க புதுசா வாங்கின கார். இதுவரைக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்ல."

ராஜன் ஐவனைப் பார்த்தார். ஜோஆனும் பார்த்தாள். ஐவன் பக்கத்தில் நின்ற வேறொரு காரின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தக் கதவுல பெயிண்ட் மூணு மடங்கு கனமா இருக்கு சிஸ்டர். உள்ள பட்டி பூசியிருக்காங்க. கீல் போல்ட்டைப் பாருங்க, ஸ்பேனர் போட்டுத் திருப்பின தடம். கதவைக் கழட்டி மாட்டியிருக்காங்க. நல்லாத்தான் செஞ்சிருக்காங்க, வெளிய பார்த்தா தெரியாது."

"அதனால விலை குறையுமா?"

"சின்ன அடின்னா கொஞ்சம்தான் குறையும். பம்பர், கதவு எல்லாம் கழட்டி மாட்டுற சாமான். ஆனா இந்தப் பின் தகடு பாடியோட சேர்ந்தது. அதை வெட்டி ஒட்டியிருந்தா வேற கதை. எந்த அளவுக்கு அடி, உள்ள ஃபிரேம் வரைக்கும் போச்சா, எனக்கு எப்படித் தெரியும்? அடிபட்டப்ப எடுத்த படம் இருக்கா பாஸ்? பட்டறை ரசீது? இன்சூரன்ஸ் கிளைம்?"

ஐவன் டயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கிளைம் எதுவும் பண்ணல."

"அப்ப நான் பெரிய அடின்னு நினைச்சுத்தான் விலை போட முடியும். என்கிட்ட வாங்குறவனும் மெஷினோடதான் வருவான். போன்ல சொன்ன விலையில ஏழாயிரம் வெள்ளி தள்ளணும் பாஸ். சாரி."

ஏழாயிரம் வெள்ளி. ஜோஆனுக்குக் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. சிவப்பு மைவி அப்படியே கரைந்தது.

"எப்ப இடிச்சது?" என்று ஐவனைக் கேட்டாள்.

"போன வருஷம். ஷா ஆலம்ல நிப்பாட்டியிருந்தேன். யாரோ இடிச்சிட்டுப் போயிட்டான்."

"போன வருஷம் எப்ப?"

"நீ ஈப்போல இருந்தப்ப."

அவள் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நடந்து, ஈப்போவில் ஒரு மாதம் தங்கியிருந்த காலம். ஐவன் தினமும் இரவு போன் செய்வான். சாப்பிட்டியா, அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்பான். காரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஷா ஆலமில் அவனுக்கு என்ன வேலை?

அந்தக் கேள்விக்கு அவளுக்கே ஒரு பதில் தெரியும். ஷா ஆலமில் ஓர் அலுவலகத்தில்தான் கேரன் வேலை செய்கிறாள்.

கேரன், ஐவனின் தம்பி மார்வினின் மனைவி. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறாள். மார்வின் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். முன்பெல்லாம் மாதம் இரண்டு முறை வருவான். இந்த வருஷம் அவன் வந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் கேரன் வீட்டில் குழாய் ஒழுகினாலும், ஃபேன் நின்றாலும், அழைப்பு ஐவனுக்குத்தான் வரும். "அத்தான், ஃப்ரீயா?" என்பாள். மனைவி கூப்பிட்டால் மூன்றாவது மணியில் எடுக்கும் ஐவன், அந்த அழைப்பை முதல் மணியிலேயே எடுப்பான்.

இதைக் கவனிப்பது கேவலம் என்று ஜோஆனுக்குத் தெரியும். இருந்தும் கவனிப்பாள்.

திரும்பி வரும் வழியில் ஐவன் ரேடியோவைப் போட்டான். அவள் அணைத்தாள்.

வீட்டு வாசலில் மாமியார் சாந்தமேரி செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "என்ன சொன்னான்? நல்ல விலையா?" என்றார்.

"அடிபட்ட காராம் அத்தை. விலை போகாதாம்" என்றாள் ஜோஆன்.

சாந்தமேரி குழாயை மூடினார். மகனைப் பார்த்தார். "கண்டுபிடிச்சிட்டாங்களா? நான் அப்பவே சொன்னேன்ல ஐவன், ஜோஆன்கிட்ட சொல்லிடுன்னு. பாவம், அந்தப் பொண்ணும் வேணும்னேவா இடிச்சா?"

சொல்லி முடித்த பிறகுதான் மருமகளின் முகத்தைப் பார்த்தார்.

"எந்தப் பொண்ணு அத்தை?"

சாந்தமேரி குழாயைத் திரும்பத் திறந்து, ஏற்கெனவே நனைந்திருந்த தொட்டிக்கே தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்.

"ஐவன், எந்தப் பொண்ணு?"

"உள்ள வா, சொல்றேன்."

"இங்கேயே சொல்லுங்க."

"கேரன்தான். ஓட்டக் கத்துக்குடுங்கன்னு கேட்டா. ஷா ஆலம்ல ஞாயித்துக்கிழமை ஃபேக்டரி எல்லாம் மூடியிருக்கும், பெரிய காலி இடம். அங்க வச்சுக் கத்துக்குடுத்தேன். ரிவர்ஸ் எடுக்கிறப்ப தூண்ல உரசிட்டா. அவ்வளவுதான் ஜோ. நீ தப்பா எடுத்துக்குவேன்னுதான் சொல்லல."

"எத்தனை ஞாயித்துக்கிழமை?"

"மூணோ நாலோ."

அவன் வேறொருத்தியோடு படுத்தேன் என்று சொல்லியிருந்தால் அவளுக்குச் சண்டை போடத் தெரிந்திருக்கும். இதற்கு எப்படிச் சண்டை போடுவது? தம்பி மனைவிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். அதில் என்ன தப்பு என்று ஊரில் யாரைக் கேட்டாலும் கேட்பார்கள். ஆனால் அவள் நெஞ்சுக்குள் கொதி தண்ணீர் கொட்டியது போல இருந்தது. அவளுக்கு எட்டு வருஷமாகக் கிடைக்காத சாவி, கேரன் ஒருமுறை கேட்டதும் அவள் கைக்குப் போயிருக்கிறது. மாமியாருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். அவள் ஒருத்திதான் ஈப்போவில் அம்மாவுக்குக் கால் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க போற?" என்றான் ஐவன்.

அவள் கைபேசியில் கிராப் கூப்பிட்டிருந்தாள். "கொண்டுபோய் விட வேண்டாம்" என்றாள்.

கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து கேடிஎம் ரயில். ஷா ஆலம் ஸ்டேஷன் வந்தபோது ஜன்னல் பக்கம் பார்க்கவே கூடாது என்று இருந்தாள், பார்த்தாள். தொழிற்சாலைக் கூரைகளும் காலி வாகன நிறுத்துமிடங்களும் ஓடின. ஒவ்வொரு காலி இடத்திலும் ஒரு வெள்ளைக் கார் மெதுவாக வட்டம் போடுவது போலத் தோன்றியது. இடதுபுறம் ஐவன், வலதுபுறம் கேரன். "கிளட்ச் இல்ல, பயப்படாத, மெதுவா பிரேக்கை விடு." அவன் குரல் அப்படித்தான் இருந்திருக்கும். கல்யாணமான புதிதில் அவளுக்கு நீச்சல் கற்றுத் தருவதாகச் சொல்லி மோரிப் கடற்கரைக்குக் கூட்டிப்போன அதே குரல்.

கேஎல் சென்ட்ரலில் இறங்கி பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நடந்தாள். மதிய வெயில். பூக்கடைகளில் மல்லிகைக்கு ஐஸ் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். கேரனின் ஃபிளாட் எட்டாவது மாடி. லிஃப்டில் ஏறும்போது கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். முகம் எண்ணெய் வழிந்து, காலையில் போட்ட பவுடர் திட்டுத் திட்டாக நின்றது. கேரனுக்குத் தன்னைவிட ஏழு வயது குறைவு என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது.

கதவைத் திறந்த கேரன் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். ஈரத் தலை, மார்வினின் பழைய டிஷர்ட்.

"அக்கா. போன் பண்ணியிருந்தா நான் ஸ்டேஷனுக்கு வந்திருப்பேனே."

"எதுல வருவ? கார்லயா?"

கேரனின் முகம் மாறியது. கதவை அகலமாகத் திறந்து வழி விட்டாள்.

ஜோஆன் சோபாவில் உட்காரவில்லை. நின்றுகொண்டே கார் கடையில் நடந்ததைச் சொன்னாள். கேரன் இடையில் பேசாமல் கேட்டாள். ஏழாயிரம் என்ற இடத்தில் மட்டும் கண்ணை மூடித் திறந்தாள்.

"அந்தக் காசை நான் தரேன் அக்கா. ஒரேயடியா முடியாது, மாசா மாசம் தரேன்."

"காசுக்காகவா நான் ரயில் ஏறி வந்தேன்?"

"பின்ன எதுக்குக்கா?"

ஜோஆன் வாயைத் திறந்தாள். ரயிலில் வரும்போது எத்தனையோ வாக்கியம் தயார் செய்திருந்தாள். அவற்றில் ஒன்றுகூட இப்போது வரவில்லை. வந்தது வேறு.

"அவர் எனக்குச் சாவி குடுத்ததே இல்ல கேரன்."

கேரன் அவளையே பார்த்தாள்.

"ஒரு நாள்கூடக் குடுத்ததில்ல. உனக்குப் பயம், உனக்கு முடியாது, லோரி வரும்னு சொல்லிச் சொல்லி, எனக்கே முடியாதுன்னு ஆகிப்போச்சு. நீ கேட்டதும் குடுத்திருக்கார். நீ இடிச்சும் கோவப்படல. எனக்குத் தெரியாம பட்டறையில விட்டு, பெயிண்ட் அடிச்சு, நான் ஈப்போலேருந்து வந்தப்ப ஸ்டேஷன்ல அதே கார்லதான் என்னை ஏத்திட்டு வந்தார். நான் அந்தக் கதவைத் திறந்துதான் என் பேக்கை உள்ள வச்சேன்."

"எனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா. உங்களுக்கு ஓட்டப் பிடிக்காதுன்னு அத்தான் சொன்னாரு."

"அப்படியா சொன்னாரு."

"ஆமா."

ஜோஆன் இப்போது உட்கார்ந்தாள். அவளுக்குப் பிடிக்காதாம். கேட்டு வாங்கிய மறுப்பு அவன் வாயில் அவளுடைய விருப்பமாக மாறியிருக்கிறது.

கேரன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தன் கைபேசியை எடுத்தாள். "கடைக்காரர் படம் கேட்டாருன்னு சொன்னீங்கல்ல. நான் எடுத்து வச்சிருக்கேன். பட்டறைக்காரனுக்கு அனுப்ப எடுத்தது."

படங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. உள்ளே அமுங்கிய பின்கதவு, சக்கரத்துக்கு மேலே ஒரு நீளக் கீறல், பட்டறையில் கழற்றி வைத்த கதவு, உள்ளே ஒன்றும் வளையாமல் நேராக நின்ற ஃபிரேம். கார் தெரிந்தவர்கள் பார்த்தால், சின்ன அடிதான் என்று சொல்லிவிடுவார்கள்.

அடுத்த படத்தில் ஐவன் இருந்தான். அமுங்கிய கதவுக்குப் பக்கத்தில், தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தபடி.

ஜோஆன் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வீட்டில் ஒரு தட்டு உடைந்தால் பார்த்து எடுக்கக் கூடாதா என்று முகம் சுளிக்கிறவன். இடித்தது அவளாக இருந்தால் இப்படிச் சிரித்திருப்பானா? அவள் மனதில் ஆறவே ஆறாத இடம் அதுதான் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"இதையும் அனுப்பவாக்கா?" என்றாள் கேரன், தயங்கி.

"அனுப்பு. எல்லாத்தையும் அனுப்பு."

படங்கள் ஜோஆனின் கைபேசிக்கு வந்து விழுந்தன. அவள் எழுந்து கைப்பையை எடுத்தாள். கேட்காமலே போயிருக்கலாம். ஆனால் கேட்டாள். "எதுக்குக் கத்துக்கிட்ட? உனக்குத்தான் வாசல்லயே ரயில் இருக்கே."

கேரன் ஜன்னல் பக்கம் போனாள். கீழே ரயில் ஒன்று போகும் சத்தம் கேட்டது.

"ஜோகூருக்குப் போகணும்கா. மார்வின் சிங்கப்பூர்ல தங்குறதில்ல. வாடகை அதிகம்னு பாலத்துக்கு இந்தப் பக்கம் ஜோகூர்ல ரூம் எடுத்திருக்கார். அங்கேருந்துதான் தினம் பாலம் தாண்டி வேலைக்குப் போறார். எந்த இடம்னு கேட்டா ஒரு தடவை ஒண்ணு சொல்றார், இன்னொரு தடவை வேற சொல்றார். பஸ்ல போனா அவரைத்தான் வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லணும். அவர்கிட்ட சொல்லாம போய் நிக்கணும். அவர் வேலை முடிஞ்சு வர்ற வழியில காரை நிப்பாட்டி, பின்னாடியே போய், எந்த வீட்டுக் கதவைத் தட்டுறாருன்னு பாக்கணும்."

"உன் அத்தானுக்கு இது தெரியுமா?"

"தெரியாது. சும்மா ஓட்ட ஆசைன்னுதான் சொன்னேன். இப்ப லைசன்ஸ் எடுத்துட்டேன். வாடகைக் கார் எடுத்துட்டுப் போக வேண்டியதுதான், தைரியம்தான் வரல." கேரன் திரும்பினாள். கண் கலங்கவில்லை. "உங்க மேல எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமாக்கா? உங்க புருஷன் சாயங்காலம் ஆனா வீட்டுக்கு வந்துடுறாரு. குழாய் ஒழுகுதுன்னு நான் போன் பண்றப்பல்லாம், பின்னாடி உங்க வீட்ல டிவி சத்தம் கேக்கும். அதைக் கேக்கவே சில நாள் போன் பண்ணியிருக்கேன்."

ஜோஆனுக்கு அவள் மேல் பரிதாபப்பட வேண்டும் என்று தோன்றியது. முழுதாக முடியவில்லை. அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் இருந்தது.

"சாப்பிட்டுப் போங்கக்கா" என்றாள் கேரன்.

"இன்னொரு நாள் வரேன்."

ரயிலில் திரும்பும்போது படங்களை ராஜனுக்கு அனுப்பினாள், ஐவன் இருந்த படத்தைத் தவிர. கிள்ளான் வருவதற்குள் அவர் குரல் செய்தி வந்துவிட்டது. "சிஸ்டர், இது சின்ன அடிதான்லா. ஃபிரேம் நேரா இருக்கு, தகடும் வெட்டல. இதை முதல்லயே காட்டியிருந்தா நான் ஏன் அவ்வளவு தள்ளப்போறேன்? ரெண்டாயிரம் குறைச்சா போதும். திங்கக்கிழமை காரைக் கொண்டுவாங்க."

அவள் அதை இரண்டு முறை கேட்டாள். சிவப்பு மைவி திரும்ப வந்துவிட்டது. ஆனால் காலையில் இருந்த ஆசை கூடவே வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஐவன் வாசலில் காரில் சாய்ந்து நின்றான். அவள் கிராப்பிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"கேரன் போன் பண்ணினா" என்றான். "நீ ரொம்பக் கோவமா போனேன்னு சொன்னா."

"உங்களுக்குத்தான் முதல்ல போன் பண்றா, எப்பவும் போல."

"ஜோ, உனக்கும் கத்துக்குடுத்திருப்பேன். நீதான் அப்புறம் கேக்கவே இல்லையே."

"நாலு வருஷம் கேட்டேன் ஐவன்."

அவன் காரின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான்.

"எனக்கு ஓட்டப் பிடிக்காதுன்னு அவகிட்ட சொல்லியிருக்கீங்க. யார் சொன்னா அப்படி? நானா சொன்னேன்?" அவள் குரல் உயரவில்லை. உள்ளே சாந்தமேரி தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைப்பது கேட்டது. "அவ இடிச்சப்ப சிரிச்சுக்கிட்டு நின்னீங்க. படம் பாத்தேன்."

"அவ அழுதுட்டா ஜோ. அழாம இருக்கணும்னுதான் சிரிச்சேன். எனக்கு உள்ள வயிறு எரிஞ்சுச்சு."

அது உண்மையாக இருக்கலாம். இருந்தாலும் தன்னை அழாமல் வைக்க அவன் எப்போது கடைசியாகச் சிரித்தான் என்று யோசித்துப் பார்த்தாள்.

"ராஜன் விலையை ஏத்திட்டார்" என்றாள். "ஆனா இந்தக் காரை விக்க வேண்டாம். யாருக்காவது விக்கணும்னாத்தான் அடிபட்ட கார். ஓட்டுறவளுக்கு இது நல்ல கார்தான். நான் இதுல வேலைக்குப் போறேன். உங்களுக்கு வேணும்னா மோட்டார் சைக்கிள் வாங்கிக்குங்க."

"மோட்டாரா? துறைமுகத்துக்கா?"

"லோரிக்காரங்க உங்களுக்கு வழி விடுவாங்க."

அவள் கையை நீட்டினாள். ஐவன் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பையிலிருந்து சாவியை எடுத்து வைத்தான். சாவி அவன் உடம்புச் சூட்டில் இருந்தது.

"நானும் வரேன்" என்றான். "முதல் நாள்."

"வாங்க. ஆனா பேசக் கூடாது."

சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குச் சரிசெய்தாள். கார் கேட்டைத் தாண்டியபோது வாசல் படியில் சாந்தமேரி சிலுவை போட்டுக்கொள்வது தெரிந்தது.

வீடமைப்புப் பகுதிக்குள் இரண்டு சுற்றுச் சுற்றினாள். ஒரு திருப்பத்தில் சக்கரம் நடைபாதையில் ஏறி இறங்கியது. ஐவன் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்தான், ஆனால் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது சுற்றில் அவளுக்கே ஒரு துணிச்சல் வந்தது. பெரிய ரோட்டில் ஏறினாள். கன்டெய்னர் லோரி ஒன்று பக்கத்தில் இரைந்துகொண்டு போனது. அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். லோரி போய்விட்டது. கார் கோடு தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

சிவப்பு விளக்கில் நிறுத்தியபோது அவள் முகத்தில் தன்னையறியாமல் ஒரு சிரிப்பு இருந்தது. ஐவன் அதைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வந்தான்.

அப்போது போன் மணி காரின் ஸ்பீக்கரில் ஒலித்தது. ஐவனின் போன். திரையில் மார்வின் பெயர். ஐவன் துண்டிக்கக் கையை நீட்டுவதற்குள் ஜோஆன் ஸ்டியரிங்கில் இருந்த பொத்தானை அழுத்திவிட்டாள்.

"அண்ணே, கார் விக்கிறியாமே, அம்மா சொன்னாங்க." மார்வினின் குரல் கார் முழுதும் நிறைந்தது. "வெளிய விக்காத. நானே எடுத்துக்கிறேன். கதவு அடிபட்டதெல்லாம் பரவால்ல. இங்க ஜோகூர்ல ஒருத்தவங்களுக்குத் தேவைப்படுது. கேரனுக்கு மட்டும் தெரிய வேண்டாம், என்ன?"

ஐவன் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"யாருக்கு மார்வின்?" என்றாள் ஜோஆன்.

ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "அண்ணியா?" என்றான் மார்வின். அவ்வளவுதான், இணைப்பு அறுந்தது.

அவள் ஐவன் பக்கம் திரும்பினாள். அவன் முன்கண்ணாடி வழியாக விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தில் திகைப்பு இல்லை. மாட்டிக்கொண்ட பயம்தான் இருந்தது.

"நீங்க ஏன் யாருக்குன்னு கேக்கல?" என்றாள்.

விளக்கு பச்சையானது. பின்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக ஹார்ன் அடிக்க ஆரம்பித்தன.

"கிரீன் விழுந்திருச்சு ஜோ. காரை எடு."

"சொல்லுங்க, எடுக்கிறேன்" என்றாள் ஜோஆன். அவள் கால் பிரேக்கை விட்டு நகரவில்லை.